கெட்டுப்போன தாளும் அடுத்த தாளும்: வாட்டர்கலர் பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கு வாட்டர்கலர் சொல்லித் தருகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்ட அம்மாக்கள். எந்த நிறத்தோடு எதைக் கலப்பது என்று கேட்பவர்களைவிட, "சார், கெட்டுப்போச்சு, இனி என்ன பண்றது?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். பாதியில் நின்றுபோனவர்களிடம் பேசிப் பார்த்தால், கை வரவில்லை என்று நின்றவர்கள் மிகக் குறைவு. அழகாக வராத ஒரு தாளையே பார்த்துக்கொண்டிருந்து, அடுத்த தாளை எடுக்க மனம் வராமல் நின்றவர்களே ஏராளம். அப்படி நிற்கும் நிலையில் இருப்பவர்களுக்காகவே வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

வாட்டர்கலரில் மட்டும் தவறு ஏன் இப்படி அப்பட்டமாகத் தெரிகிறது?

அதன் இயல்பு அது. நைசாக அரைத்த நிறமிப் பொடியும், ஒரு வகை வேல மரத்துப் பிசினும் சேர்ந்ததுதான் வாட்டர்கலர். தண்ணீரில் கரைத்துப் பூசும்போது ஒளி புகும் மெல்லிய படலமாகத் தாளில் உட்காருகிறது. வெளிச்சம் அந்தப் படலத்தின் வழியே போய், தாளின் வெண்மையில் பட்டுத் திரும்புவதால்தான் நமக்குப் பிடித்த அந்த ஒளிர்வு கிடைக்கிறது. ஆயில் பெயின்டிலோ அக்ரிலிக்கிலோ பிடிக்காத இடத்தின்மேல் இன்னொரு பூச்சு போட்டு மூடிவிடலாம். இங்கே கீழே இருப்பதெல்லாம் மேலே தெரியும். முதல் பூச்சிலிருந்து கடைசிப் புள்ளிவரை நீங்கள் செய்தது அத்தனையும் தாளில் இருக்கும்.

போதாக்குறைக்கு, ஈரத்தில் பார்க்கும் நிறம் காய்ந்தபின் ஒரு படி வெளுத்துவிடும். அதனால் பூசிக்கொண்டிருக்கும்போதே விளைவு கண்ணுக்குத் தெரியாது. அனுபவசாலிகளும் ஊகித்துத்தான் பூசுகிறார்கள். அவர்களுடைய ஊகம் இலக்குக்குக் கொஞ்சம் கிட்டத்தில் போய் விழுகிறது, அவ்வளவுதான். குறையே இல்லாத தாள் வேண்டும் என்று கேட்பவருக்கு இது சரியான ஊடகம் இல்லை. குறையோடு சேர்த்துத்தான் இதை விரும்ப முடியும்.

வானம் பூசும்போது நடுவில் பூ மாதிரி ஒரு கறை விழுந்துவிடுகிறது. என் கைதான் சரியில்லையா?

வகுப்பில் அதைக் காலிபிளவர் என்போம். அது தண்ணீர் செய்கிற வேலை. என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் பாருங்கள். நீலத்தைப் பூசி முடித்ததும் தாளைக் கொஞ்சம் சாய்த்தால் ஜன்னல் வெளிச்சம் அதில் பளபளக்கும். சற்று நேரத்தில் அந்தப் பளபளப்பு ஓரங்களிலிருந்து மங்கத் தொடங்கும். தொட்டால் சில்லென்று இருக்கும், ஆனால் மேலே தண்ணீர் நிற்காது. சரியாக அந்த நேரத்தில்தான் கை சும்மா இருக்காது. "இந்த மூலை கொஞ்சம் வெளுத்திருக்கே" என்று பிரஷ்ஷை நனைத்து ஒரு தொடு தொடுவோம். பிரஷ்ஷில் இருக்கும் ஈரம் தாளில் இருப்பதைவிட அதிகம். அது வெளியே பரவுகிறபோது, பாதி உட்கார்ந்திருந்த நிறமியையும் தள்ளிக்கொண்டு போய், ஓட்டம் தீர்ந்த இடத்தில் வரப்புக் கட்டிவிடும். வெளுத்த நடு, அடர்ந்த நெளிநெளியான விளிம்பு. அதுதான் அந்தப் பூ.

ஆகவே பளபளப்பு இருக்கும்வரை தொடலாம். மங்க ஆரம்பித்ததும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். முழுக்கக் காய்ந்தபின் மறுபடி தொடலாம். புறங்கையை வைத்துப் பார்த்துச் சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். எத்தனை நிமிடம் என்று கேட்காதீர்கள். ஐப்பசி மழையில் சென்னையில் ஒரு வாஷ் (தண்ணீர் நிறையக் கலந்து பரவலாகப் போடும் பூச்சு) காய்வதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். மே மாதத்து மதுரையில் வலப்பக்கம் பூசி முடிப்பதற்குள் இடப்பக்கம் காய்ந்திருக்கும். குளிர்நாட்டில் உட்கார்ந்து காணொளி போடுகிறவர் சொல்லும் நிமிடக் கணக்கு நம் ஊருக்குப் பொருந்தாது. பலர் தங்கள் கையைத் திட்டிக்கொள்வதற்கு இந்த நிமிடக் கணக்குதான் காரணம்.

பூ விழுந்துவிட்டதா? சில படங்களில் அது மழை மேகமாகவே பொருந்திவிடும். பாறையில் படர்ந்த பாசிக்காகவும் தூரத்து மரக்கூட்டத்துக்காகவும் வேண்டுமென்றே பூ விழ வைப்பவர்கள் உண்டு. பொருந்தாத படத்தில் அதை அழகு என்று சொல்லி நம்மையே சமாதானப்படுத்திக்கொள்ளத் தேவையில்லை. வானத்தில் ஒரு கறை இருக்கிறது, மீதிப் படமும் இருக்கிறது. இரண்டையும் ஒப்புக்கொண்டு மேலே போகலாம்.

திருத்தவே முடியாதா?

ஓரளவு முடியும். எந்த நிறமி என்பதைப் பொறுத்தது அது. அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா போன்றவை பெரும்பாலும் தாளின் மேலேயே உட்கார்பவை. காய்ந்த பிறகும் ஈரப் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து டிஷ்யூவால் ஒற்றி எடுத்தால் நிறைய வந்துவிடும். தாலோ நீலமும் தாலோ பச்சையும் இழைக்குள் இறங்கிக் கறையாகிவிடுகிறவை. என்ன தேய்த்தாலும் ஒரு சாயல் மிச்சமிருக்கும். புதிதாகப் பழகுகிறவர் வானத்துக்குத் தாலோவை விட்டு அல்ட்ராமரைனை எடுத்துக்கொண்டாலே பாதி மனக்கஷ்டம் குறையும்.

சுரண்டியும் வெள்ளை எடுக்கலாம். ஆங்கிலேய ஓவியர் டர்னர் அதற்காகவே கட்டைவிரல் நகத்தை நீளமாக வளர்த்து வைத்திருந்தார், அலையின் நுரையை நகத்தாலேயே கீறி எடுத்தார் என்று அவர் வரைவதைப் பார்த்தவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். நமக்கு ஒரு பிளேடு முனை போதும்.

ஆனால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தால் தாளின் மேலிருக்கும் பசைப்பூச்சு போய், இழை எழும்பி, அடுத்த நிறம் அங்கே திட்டாக ஊறிவிடும். கறையைவிட அந்தப் புண் மோசம். ஒரு முறை முயன்று பாருங்கள். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பாதியில் கெட்டுப்போன படத்தை முடிக்க வேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா?

முடியுங்கள். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

வானத்தில் கறை விழுந்ததுமே தாளைத் திருப்பிப் போடுகிறவர் வானத்தை மட்டுமே பழகுகிறார். நிழலை எவ்வளவு அடர்த்தியாக வைப்பது, முன்புறத்தில் எதையெல்லாம் வரையாமல் விடுவது, நடந்து போகும் ஆளை இரண்டு தொடுதலில் எப்படி நிறுத்துவது, எப்போது பிரஷ்ஷைக் கீழே வைப்பது என்பதெல்லாம் படத்தின் கடைசிப் பகுதியில்தான் கைக்கு வரும். அங்கே போய்ச் சேராமல் அவற்றைக் கற்றுக்கொள்ள வழியில்லை. நூறு வானம் பூசியவருக்கு ஒரு நிழல் போடத் தெரியாமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு லாபமும் உண்டு. கெட்டுப்போனது என்று முடிவு கட்டிய தாளில் கை பயப்படாது. வகுப்பில் ஓர் அக்கா மயிலாப்பூர் தெப்பக்குளத்தை வரைந்துகொண்டிருந்தார். தண்ணீரில் விழும் கோபுர நிழல் கலங்கிப் போய், பச்சையும் பழுப்புமாகச் சேறாகிவிட்டது. "இதுதான் போச்சே" என்றார். அதுவரை பயந்து பயந்து தொட்டுக்கொண்டிருந்த அடர் நீலத்தைப் பிரஷ் நிறைய எடுத்துப் படிக்கட்டின் நிழலை ஒரே இழுப்பில் போட்டார். அந்த இழுப்புக்குப் பிறகுதான் படத்தில் வெயில் வந்தது, கோபுரம் எழுந்து நின்றது. தண்ணீர் கடைசிவரை சேறாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வாரம் வேறொரு படத்தில் அதே அடர்த்தியில் ஒரு நிழலைத் தெரிந்தே போட்டார். முதல் தாளைத் தூக்கிப் போட்டிருந்தால் அந்த நிழல் அவர் கைக்கு வந்திருக்காது.

நேரமில்லாமல் நின்றுபோன படங்கள்? அவற்றுக்கு மதிப்பே இல்லையா?

கழுகுமலை போயிருக்கிறீர்களா? அங்கே இருக்கும் வெட்டுவான் கோயில் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. மலைப் பாறையைக் குடைந்து, மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்த ஒற்றைக்கல் கோயில். விமானத்தில் சிற்பங்கள் முழு நுணுக்கத்தோடு இருக்கின்றன. கீழே போகப் போக வேலை நின்றுவிட்டது, அடிப்பகுதி பாறையாகவே இருக்கிறது. மாமல்லபுரத்திலும் முடிக்காத குகைகளில் உளிக்காரர்கள் பாறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் குடைந்த தடயத்தைப் பார்க்கலாம். முடித்து மெருகேற்றிய சுவரில் அந்த வேலைமுறை தெரியாது. அவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பதை நமக்குச் சொல்வது நின்றுபோன வேலைதான்.

உங்கள் நின்றுபோன தாள்களும் உங்களுக்கு அதைச் சொல்லும். எந்த வரிசையில் பூசினீர்கள், எந்த இடத்தில் தயங்கினீர்கள் என்று அவற்றில்தான் தெரியும். நேரமில்லாமல் நின்றதையும் பயந்து நின்றதையும் மட்டும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எது எது என்று உங்களுக்கே தெரியும்.

பிடிக்காத படங்களைக் கிழித்துப் போடலாமா?

கிழித்தவர்கள் உண்டு. பிரெஞ்சு ஓவியர் மோனே 1908இல், கண்காட்சிக்குப் போக வேண்டிய தன் அல்லிக்குள ஓவியங்களில் பதினைந்துக்குக் குறையாமல் அழித்துவிட்டார். ஆனால் அப்போது அவருக்கு வயது 67. எது தேறும், எது தேறாது என்று அரை நூற்றாண்டு வேலை அவருக்குச் சொல்லித் தந்திருந்தது. பழக ஆரம்பித்திருக்கும் நமக்கு அந்தக் கண் இன்னும் வரவில்லை. வரைந்து முடித்த கையோடு பார்த்தால், மனதில் நினைத்திருந்த படத்துக்கும் தாளில் இருப்பதற்கும் உள்ள தூரம் மட்டுமே தெரியும். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் மனதில் இருந்த படம் மறந்து போயிருக்கும். தாளில் என்ன இருக்கிறதோ அது தெரியும். அதுவரை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். அப்புறமும் கிழிக்கத் தோன்றினால் தாராளமாகக் கிழியுங்கள்.

பின்பக்கத்தையும் மறந்துவிடாதீர்கள். நல்ல தாளின் இரு பக்கத்திலும் வரையலாம்.

"குறையை ஏற்றுக்கொள்" என்றால் ஏனோதானோ என்று வரையலாம் என்று ஆகிவிடாதா?

நல்ல கேள்வி. இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மிகுந்த அக்கறையோடு வரைகிறவர்கள்.

குறையை ஏற்பதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, உடைந்த கிண்ணத்தைப் பொன்னால் ஒட்டும் ஜப்பானிய முறையை யாராவது எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அந்த வேலையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அரக்கு மரத்தின் பாலால் துண்டுகளை ஒட்டி, ஈரப்பதமான பெட்டியில் வைத்து இறுக விட்டு, தேய்த்து, மறுபடி அரக்குப் பூசி, அதன்மேல் பொன் தூள் தூவுகிறார்கள். முடிய வாரக்கணக்கில் ஆகும். விரிசலை மறைக்காமல் விடுவது உண்மை. அந்த விரிசலுக்கு அத்தனை வாரப் பொறுமை செலவாகிறது என்பதும் உண்மை. அதில் ஏனோதானோவுக்கு இடமே இல்லை.

நம் பக்கத்தில் ஓவியர் சில்பியைப் பாருங்கள். கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு எதிரே உட்கார்ந்து ஆனந்த விகடனுக்காக அவர் வரைந்த கோட்டோவியங்களில் ஒரு மணிமாலையின் மணிகூடத் தப்பாது. இன்னொரு ஓவியர் ஆதிமூலத்தின் கோடு அதற்கு நேர்மாறு. அது தெறிக்கும், விட்டுப்போகும், ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இரண்டிலும் அக்கறைக்குக் குறைவில்லை. வரைவதற்கு முன்பும் வரையும்போதும் முழு கவனம் வையுங்கள். கை எடுத்த பிறகு விழுந்ததை ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொள்வது முடித்த படத்துக்குத்தான். வரையப்போகும் படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

முதல் மாதம் இருந்த உற்சாகம் இப்போது இல்லை. உட்காரவே தோன்றவில்லை. என்ன செய்ய?

முதலில், அது எல்லோருக்கும் நடக்கிறது. முதல் மாதத்தில் எல்லாமே புதுசு. இரண்டு நிறம் தாளில் கலந்து மூன்றாவது வருவதே சந்தோஷம். அதற்குள் உங்கள் கண் வளர்ந்துவிடுகிறது. நல்ல படங்களைப் பார்க்கப் பார்க்க எது நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. கை அந்த வேகத்தில் வளராது. முன்பு கண்ணில் படாத குறைகள் இப்போது படுகின்றன. அதனால் பின்னால் போய்விட்டதாகத் தோன்றுகிறது. பழைய தாளையும் இன்றைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அந்த எண்ணம் போய்விடும்.

உற்சாகம் வந்தபின் உட்காரலாம் என்று காத்திருந்தால் அது வராது. பெரும்பாலும் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆனபின்தான் வருகிறது. அதனால் உட்காருவதைச் சுலபமாக்குங்கள். பெட்டியும் பிரஷ்ஷும் பீரோவுக்குள் இருந்தால் எடுப்பதற்குள்ளேயே அலுப்பு வந்துவிடும். மேசை மூலையில் திறந்தே இருக்கட்டும். முந்தைய நாள் இரவே பென்சில் கோட்டை மட்டும் போட்டு வையுங்கள். மறுநாள் வெள்ளைத் தாள் முன்னால் உட்கார வேண்டியிருக்காது, பாதி தொடங்கிய வேலையின் முன்னால் உட்காருவீர்கள். அரை மணி நேரம் போதும். தினம் முடியாவிட்டால் வாரத்தில் இரண்டு நாள். ஆனால் எந்தக் கிழமை என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். இல்லையென்றால் தினமும் "இன்றைக்கா, நாளைக்கா" என்று யோசிப்பதிலேயே தெம்பு போய்விடும்.

இதையெல்லாம்விட உதவுவது ஒன்று உண்டு. ஒரே பொருளை வரிசையாக வரையுங்கள். என்ன வரைவது என்ற தேடல்தான் பலரை நிறுத்துகிறது. பிரெஞ்சு ஓவியர் செசான் தன் ஊரான எக்ஸுக்குப் பக்கத்திலிருந்த சாந்த் விக்டுவார் மலையை ஆயிலிலும் வாட்டர்கலரிலும் பல பத்து முறை வரைந்தார். ஆதிமூலம் 1969இல், காந்தி நூற்றாண்டை ஒட்டி, காந்தியையே வரிசையாக வரைந்தார். அந்தக் கோட்டோவியங்கள் பிறகு அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டன. நீங்கள் உங்கள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை வரையுங்கள். காலையில், நண்பகலில், மழைக்கு முன், மழைக்குப் பின். ஒரு தாள் கெட்டாலும் வரிசை கெடாது. எந்த ஒரு தாளும் உங்கள் திறமை முழுவதையும் சுமக்க வேண்டியிருக்காது. சில தாள்களுக்குப் பிறகு தொட்டியின் நிழல் சாம்பல் நிறம் இல்லை, ஊதா கலந்தது என்று உங்கள் கண்ணே கண்டுபிடிக்கும். அதற்கு ஈடான உற்சாகத்தை நான் அறிந்ததில்லை.

இன்ஸ்டாகிராமில் மற்றவர்கள் ஒரு நிமிடத்தில் அற்புதமாக வரைகிறார்களே?

வேகம் கூட்டிய காணொளி அது. காய்வதற்குக் காத்திருந்த நேரம் வெட்டப்பட்டிருக்கிறது. சரியாக வராத தாள்கள் கேமராவுக்கு முன் வரவே இல்லை.

டர்னர் இறந்தபின் அவருடைய வேலைகள் இங்கிலாந்து நாட்டுக்குச் சேர்ந்தன. அதில் தாளில் செய்தவை மட்டும் சுமார் 30,000. இன்று லண்டனின் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பயண நோட்டுகளில் கிறுக்கிய கோடுகள், வெறும் இரண்டு மூன்று வாஷ் மட்டும் போட்டுப் பார்த்த தாள்கள், எங்கும் போய்ச் சேராத முயற்சிகள் எல்லாம் அதில் அடக்கம். பெரும்பகுதி அவர் யாருக்கும் காட்டுவதற்காகச் செய்ததே இல்லை. ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் அந்தத் தாள்களோடு உங்கள் தாள்களை ஒப்பிடுங்கள். டேட்டின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

மலிவான தாளில் பழகிவிட்டு அப்புறம் நல்ல தாளுக்குப் போகலாமா?

வேண்டாம் என்பேன். ஸ்கூல் டிராயிங் நோட்டுத் தாள் தண்ணீர் பட்டதும் சுருளும், நிறத்தை உடனே உறிஞ்சும், ஒற்றி எடுக்க விடாது. தாளின் குறையை உங்கள் குறை என்று நினைத்துக்கொள்வீர்கள். வண்ணத்தில் மிச்சம் பிடியுங்கள், ஆறேழு நிறம் போதும். பிரஷ்ஷில் மிச்சம் பிடியுங்கள், நல்ல கூர்முனை உள்ள 8ஆம் எண் ரவுண்டு பிரஷ் ஒன்றே வெகுதூரம் வரும். தாள் மட்டும் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), முடிந்தால் பருத்தி இழைத் தாளாக இருக்கட்டும்.

அந்த விலை கொடுத்து வாங்கிய தாளைத் தொடவே பயமாக இருக்கிறது.

வாங்கிய அன்றே வெட்டிவிடுங்கள். 22க்கு 30 அங்குல முழுத் தாளை நாலுக்கு நாலாக மடித்து வெட்டினால் ஐந்தரைக்கு ஏழரை அங்குலத்தில் 16 துண்டு கிடைக்கும். முழுத் தாளாக இருக்கும்வரை அது ஒரு சொத்து. துண்டானபின் அன்றாடம் கைநீட்டி எடுக்கும் பொருள். ஒரு துண்டு கெட்டால் 15 இருக்கிறது. சின்னத் தாளில் வாஷ் காய்வதற்குள் முழுவதையும் பூசிவிடலாம் என்பதால் காலிபிளவரும் குறையும்.

வெளியே உட்கார்ந்து வரையக் கூச்சமாக இருக்கிறது. கூட்டம் கூடிவிடுகிறது.

கூடத்தான் செய்யும். எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் "சார், சர்வே எடுக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்காருங்கள், பின்னாலிருந்து எட்டிப் பார்க்க முடியாது. டீக்கடைக்கு உள்ளேயிருந்து தெருவைப் பார்த்து வரையலாம். ஒரு டீ சொல்லிவிட்டால் அரை மணி நேரம் யாரும் எழுப்பமாட்டார்கள். பார்ப்பவர்கள் குறை சொல்வதும் அபூர்வம். "அந்த போஸ்டை விட்டுட்டீங்களே" என்பார்கள், அதுவும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இனி ஆரம்பித்து என்ன ஆகப்போகிறது?

கே.சி.எஸ். பணிக்கர் குடும்பத்துக்காகப் படிப்பை விட்டுத் தந்தித் துறையில் வேலை பார்த்தவர். 1936இல், 25 வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். வாட்டர்கலர் நிலக்காட்சிகளில் நல்ல பெயர் வாங்கினார். பின்னாளில் அதே பள்ளிக்கு முதல்வரும் ஆனார். இன்று அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் எழுத்தும் குறியீடும் கலந்த ஓவியங்களை 1963இல்தான் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 52. கைக்கு நன்றாகப் பழகிய ஒன்றை விட்டுவிட்டு, அந்த வயதில் பழகாத ஒன்றுக்குள் போனார்.

மதுரையைப் பேனா மையில் கோடு கோடாக வரைந்த மனோகர் தேவதாஸையும் சொல்ல வேண்டும். விழித்திரையை அரிக்கும் ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா அவர் பார்வையின் பரப்பை ஆண்டுக்கு ஆண்டு குறுக்கிக்கொண்டே வந்தது. மிச்சமிருந்த சிறு வட்டத்துக்குள் தெரிந்ததைக் கொண்டே அந்த நுணுக்கமான கோடுகளைப் போட்டுக்கொண்டிருந்தார். 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022இல் காலமானார். அவருடைய மதுரைத் தெருக்களைப் பார்த்துவிட்டு வந்து இந்தக் கேள்வியை மறுபடி கேளுங்கள், பேசுவோம்.

"இதனால் என்ன வருமானம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

வருமானத்துக்காகச் செய்யவில்லை என்றால் அதை அப்படியே சொல்லிவிடுங்கள். நடைப்பயிற்சிக்கு யாரும் வருமானம் கேட்பதில்லை.

விற்கும் எண்ணம் இருந்தால், பணம் வரும் வேலையையும் பழகும் வேலையையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பணிக்கரும் மற்ற ஓவியர்களும் 1966இல் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்தில், சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். ஓவியம் விற்று வாழ முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். மெழுகு பூசிச் சாயமிடும் பாட்டிக் துணி போன்ற கைவினைப் பொருட்கள் செய்து விற்ற பணத்தில்தான் நிலம் வாங்கினார்கள். துணி விற்றதால் ஓவியத்தில் தங்களுக்குத் தோன்றியதைச் செய்ய முடிந்தது. ஒவ்வொரு தாளும் விற்க வேண்டும் என்று ஆகிவிட்டால் புதிதாக ஒன்றை முயன்று பார்க்கும் தைரியம் முதலில் போய்விடும்.

படம் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடுத்த தொடுதல் எதற்கு என்று சொல்லத் தெரியாதபோது. "இன்னும் கொஞ்சம்" என்பது காரணம் ஆகாது. "இந்தச் சுவரின் நிழல் பக்கம் போதுமான அளவு இருட்டாக இல்லை" என்பது காரணம். செசானின் கடைசிக்கால வாட்டர்கலர்களில் தாளின் பெரும்பகுதி வெள்ளையாகவே விடப்பட்டிருக்கும். சந்தேகமாக இருந்தால் தாளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஆறடி தள்ளி நின்று பாருங்கள், அல்லது மறுநாள் பாருங்கள்.

யாரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது?

வரைகிற ஒருவரிடம். ஒருவர் போதும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும், அதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. "உங்கள் கண் முதலில் எங்கே போகிறது?" என்று கேளுங்கள். நீங்கள் நினைத்த இடத்துக்குப் போனால் படம் வேலை செய்கிறது. வேறெங்கோ போனால் அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பல மாதம் விட்டுவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது?

விட்ட இடத்திலிருந்து வேண்டாம். ஒரே நிறம், ஒரு வாழைப்பழம், ஒரு துண்டுத் தாள். பெட்டியில் இறுகிப்போன வண்ணத்தின்மேல் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சற்றுக் காத்திருந்தால் இளகிவிடும். பிசின் மறுபடி கரையும், அதனால் பழைய வண்ணம் வீணாவதில்லை. விட்ட மாதங்களுக்குச் சேர்த்து வரைய வேண்டும் என்று கணக்குப் போடாதீர்கள். அந்தக் கடன் யாருக்கும் இல்லை.

வரைந்த தாள்களையும் வரையாத தாள்களையும் எப்படி வைத்துக்கொள்வது?

நம் கடலோர ஊர்களில் ஈரக்காற்றுதான் எதிரி. வரையாத தாளை வாங்கிய உறையிலேயே இறுக மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் திறந்து கிடந்தால் தாளின் பசைப்பூச்சு கெட்டு, நிறம் மை ஒற்றுத்தாளில் விழுந்ததுபோல ஊறிவிடும். வரைந்ததை முழுக்கக் காயவிட்டபின், இடையிடையே வெள்ளைத் தாள் வைத்துத் தட்டையாக அடுக்குங்கள். சுவரில் மாட்டினால் நேர் வெயில் படாத இடமாகப் பாருங்கள், படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் பென்சிலால் தேதி, இடம், எந்த வண்ணங்கள், எந்தத் தாள் என்று எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், மை சில சமயம் முன்பக்கம் ஊறிவிடும்.